காருக்குள் பளபளக்கும் கறுப்பு பேனலில் கீறலா? கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்

வடசென்னை திருவொற்றியூரில் கார் உள்பக்கம் சுத்தம் செய்து பாலிஷ் போடும் சின்ன ஷெட் வைத்திருக்கிறேன். வாரம் தவறாமல் ஒரே குறையோடு வண்டி வருகிறது. கியரைச் சுற்றி, டச் ஸ்கிரீன் ஓரத்தில், கதவில் கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்சைச் சுற்றி இருக்கிறதே, ஷோரூமில் ‘பியானோ பிளாக்’ என்று சொல்லிக் காட்டும் கறுப்பு பிளாஸ்டிக், அதில் கீறல். வாங்கிய அன்று அதில் முகம் பார்க்கலாம். ஆறு மாதம் போனால் கோடுதான் தெரியும்.

சாவி பட்டது, மோதிரம் உரசியது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலான கோட்டுக்குக் காரணம் உலர்ந்த துணி. எங்கள் பக்கத்துத் தூசி வெறும் மண் இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, அனல்மின் நிலையச் சாம்பல், நிலக்கரித் தூள், கடலோர மணல், உப்பு எல்லாம் கலந்தது. மூலக்கடை, பெரம்பூர் பக்கம் போனால் மெட்ரோ வேலைத் தூசியும் சேர்ந்துகொள்ளும். சாம்பலிலும் மணலிலும் சிலிக்கா இருக்கிறது, கண்ணாடி செய்யும் சரக்கு அது. அதன்மேல் துணியை வைத்து இழுத்தால் துணியே உப்புத்தாள் ஆகிவிடும்.

உங்கள் வண்டியில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம். ‘கீறல்’ என்று வந்து, கழுவிப் பார்த்ததும் காணாமல் போன கோடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

வண்டியை நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் நின்ற வண்டி என்றால் நான்கு கதவையும் திறந்து வையுங்கள். பேனலைத் தொட்டால் சூடு தெரியக் கூடாது.

துணியை உடனே எடுக்காதீர்கள். முதலில் தூசியை ஊதி எடுக்க வேண்டும். கேமரா லென்ஸ் ஊதுகிற ரப்பர் பந்து போதும். பிறகு முகத்துக்குப் பவுடர் போடும் மிருதுவான பிரஷ்ஷால், அழுத்தாமல், இடுக்குகளில் இருப்பதை வெளியே தள்ளுங்கள். அதற்கப்புறம்தான் மைக்ரோஃபைபர் துணி. அதன் ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டிவிடுங்கள், அதுவே கோடு போடும்.

ஒரு மக் தண்ணீருக்கு இரண்டு சொட்டு கார் ஷாம்பு. துணியை நனைத்து நன்றாகப் பிழியுங்கள். பேனல் மேல் நேரடியாகத் தெளிக்க வேண்டாம், சுவிட்சுக்குள் இறங்கிவிடும். ஒரே திசையில் ஒரு இழுப்பு, துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தில் அடுத்த இழுப்பு. தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும். கடலோரத்து போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வளையம் நிற்கும், பிறகு அதற்குத் தனியாக ஒரு வேலை.

காய்ந்த பிறகு செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் பளபளப்புதான் தெரியும், கோடு தெரியாது. சோதனை மொத்தம் மூன்று. விரல் நகத்தை, கீறாமல், கோட்டுக்குக் குறுக்கே மெல்ல ஓட்டுங்கள்: வழுக்கிப் போகிறதா, தட்டுகிறதா, சிக்கி நிற்கிறதா? அடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரைக் கோட்டின் மேல் தடவுங்கள். தண்ணீர் இருக்கும்வரை மறைகிறதென்றால் சேதம் மேல்தோலோடு நிற்கிறது. மூன்றாவது சோதனை பாலிஷ் தொடும்போது வரும்: துணியில் கறுப்பு ஏறுகிறதா என்று பார்ப்பது. ஏறாவிட்டால் மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு இருக்கிறது. ஏறினால் பெயின்ட்டையோ பிளாஸ்டிக்கையோ நேரடியாகத் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். அப்போது இன்னும் கவனம் வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கத் தேய்க்க நம் கண் நம்மையே ஏமாற்றும்.

## அறிகுறி: வெயில் பட்டால் மட்டும் சிலந்திவலை போல் மெல்லிய கோடுகள்

அதிகம் வருவது இதுதான்.

போன வருடம் காசிமேட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் வாங்கிய முதல் கார், எட்டே மாதம் ஆகியிருந்தது. கியர் பக்கம் டார்ச் அடித்தேன். கோலம் போட்ட மாதிரி வட்டம் வட்டமாகக் கோடுகள்.

“யாரோ சாவி வெச்சுக் கீறியிருக்காங்க தம்பி.”

“தினமும் யாருங்கய்யா துடைக்கிறது?”

“நான்தான். காலைல ஆறு மணிக்கு, ஒரு நாள் விடமாட்டேன். டிரைவரு, பையன், யாரையும் தொடவிட மாட்டேன்.”

கதவுப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துக் காட்டினார். சிக்னலில் விற்கிறார்களே, அந்தத் துணி. உதறினேன். வெயில் வெளிச்சத்தில் மினுமினுவென்று தூள் பறந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு அக்கறையாகத் துடைத்த மனிதர். எனக்கும் சொல்லச் சங்கடமாக இருந்தது, ஆனால் சொல்லியாக வேண்டும். அன்று அந்த பேனல் ஏறக்குறைய முழுசாகத் திரும்பிவந்தது. எப்படி என்று கீழே சொல்கிறேன்.

### செலவில்லாத காரணம்: எண்ணெய்ப் படலம்

டேஷ்போர்டு பளபளக்க அடிக்கும் சிலிக்கான் ஸ்பிரே, தேங்காய் எண்ணெய், கை வியர்வை இவற்றின் மேல் துணி போன தடமும் கோடு மாதிரியே தெரியும். ஷாம்புத் தண்ணீரால் துடைத்ததும் போய்விட்டால் வேலை முடிந்தது.

### அடுத்த காரணம்: துணி போட்ட மயிர்க்கோடு

நகம் வழுக்குகிறது, தண்ணீர் தடவினால் மறைகிறது என்றால் இது கையாலேயே சரியாகும். தேவையானவை: ஃபினிஷிங் பாலிஷ் அல்லது பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் மெல்லிய பாலிஷ், மிருதுவான ஃபோம் அப்ளிகேட்டர், மாஸ்கிங் டேப், சுத்தமான இரண்டு துணி. ‘ரப்பிங் காம்பவுண்ட்’ என்று எழுதிய டப்பாவைத் தொடாதீர்கள். அது வெளி பாடியில் வேலை செய்பவருக்கு, அங்கேயும் கைப்பழக்கம் உள்ளவருக்கு. பல் தேய்க்கும் பேஸ்ட்டும் வேண்டாம். எந்த பேஸ்ட்டில் எவ்வளவு கரகரப்பு என்று தெரியாது. கோட்டை எடுத்துவிட்டு மங்கலைக் கொடுத்துவிட்டுப் போகும்.

சுவிட்ச், குரோம் விளிம்பு, பேனலும் பேனலும் சேரும் இடுக்கு எல்லாவற்றையும் டேப்பால் மூடுங்கள். இடுக்கில் காய்ந்த பாலிஷை எடுக்க ஊசி, பல்குச்சி என்று தேடும்போதுதான் புதுக் கீறல் விழுகிறது.

கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் முதலில் சோதியுங்கள். பட்டாணி அளவு பாலிஷ் போதும். குழந்தையின் கன்னத்தைத் தொடும் அழுத்தம், அதற்கு மேல் வேண்டாம். முன்னும் பின்னுமாக, பிறகு குறுக்காக, அரை நிமிடம். துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். மாற்றம் நன்றாக இருந்தால், உள்ளங்கை அளவு இடமாகப் பிரித்து மற்ற இடத்துக்குப் போங்கள். ஒரே இடத்தில் மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். பத்தில் எட்டுக் கோடு போனாலே நிறுத்திவிடுவேன். மிச்ச இரண்டுக்காக மேல்தோலை மெலிய வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அடுத்த வருடம் பாலிஷ் போடவும் தோல் வேண்டுமே. அந்தப் பெரியவர் வண்டியில் செய்ததும் இவ்வளவுதான். நேரம் எடுத்தது தேய்ப்பதற்கு இல்லை, டேப் ஒட்டுவதற்குத்தான்.

மூலைகளிலும் விளிம்பிலும் பெயின்ட் ரொம்ப மெல்லிசு. அங்கே ஒரு தடவையோடு விட்டுவிடுங்கள்.

மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்பக்க பேனலுக்கு மூன்று அங்குலத்துக்குள் பேட் உள்ள சின்ன டி.ஏ. மெஷின் (சுழன்றுகொண்டே அதிரும் பாலிஷ் மெஷின்) மட்டும், குறைந்த வேகத்தில். டிரில் மெஷினில் பஃப் மாட்டி ஓட்டாதீர்கள். தகரம் சூட்டைப் பரப்பும், பிளாஸ்டிக் பரப்பாது, அதே இடத்தில் தேங்கும். இந்த பேனல்களில் அதிகம் வரும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் 100 டிகிரி பக்கம் இளகத் தொடங்கும், மேலே இருக்கும் பெயின்ட் அதற்கு முன்பே கொப்பளிக்கும். பத்து நொடிக்கு ஒரு முறை கை வைத்துப் பாருங்கள்.

### செலவுள்ள காரணம்: மேல்தோலே தீர்ந்துபோனது

ஏற்கெனவே பல தடவை பாலிஷ் பார்த்த பேனலில் கோடும் போகாது, பளபளப்பும் ஏறாது. அதற்குமேல் தேய்க்காமல் ஸ்டிக்கர் ராப்பிங்கோ புது பேனலோ யோசியுங்கள்.

## அறிகுறி: தனியாக ஒரே கோடு, பளிச்சென்று

### நகம் வழுக்குகிறது

அது கீறலாகவே இல்லாமல் இருக்கலாம். சாவிக் கவரின் பிளாஸ்டிக், பையின் ரப்பர் விளிம்பு உரசி அதன் நிறம் இதில் ஏறியிருக்கும். ஈரத் துணி, பிறகு துளி பாலிஷ். பெரும்பாலும் போய்விடும்.

### நகம் லேசாகத் தட்டுகிறது

மேலே சொன்ன கை பாலிஷைச் செய்யலாம். கோடு மறையாது, ஆனால் அதன் இரண்டு பக்கக் கூர்மை மழுங்கும், வெளிச்சத்தைப் பிடிப்பது குறையும். ஓட்டும் இடத்திலிருந்து பார்த்துத் தெரியாவிட்டால் அதுவே போதும் என்பது என் கருத்து.

### நகம் சிக்கி நிற்கிறது

இங்கே பாலிஷ் எடுக்காதீர்கள். ஆழத்தின் அளவுக்குச் சுற்றிலும் தேய்த்தால் பள்ளம் விழும், அதில் தெரியும் பிம்பம் நெளியும். 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் நைசான உப்புத்தாள்) போட்டு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் விட்டு, சின்னக் கட்டை வைத்து, இழுப்பை எண்ணி எண்ணிச் செய்யும் வேலை அது. கழற்றிய பேனலில் பெயின்டர் செய்யலாம். வண்டியில் இருக்கும்போது நீங்கள் செய்ய வேண்டாம். கறுப்பு மார்க்கரால் நிரப்புவதும் வேண்டாம், பக்கவாட்டில் பார்த்தால் ஊதா நிறம் அடிக்கும். மிச்சம் மூன்று வழி: அந்த பேனலுக்கு மட்டும் வினைல் ஸ்டிக்கர், கழற்றி மறு பெயின்ட், அல்லது புதுசு. செலவும் அதே வரிசையில்தான் ஏறும்.

## அறிகுறி: கோடு இல்லை, ஆனால் பனி மூடியது போல் மங்கல்

வட்ட வட்டமாக வெள்ளைத் தடம் என்றால் அது உப்புத் தண்ணீர் காய்ந்தது. வெள்ளை வினிகர் ஒரு பங்கு, ஆர்.ஓ. தண்ணீர் ஐந்து பங்கு கலந்து துணியில் தொட்டு ஒற்றுங்கள். ஒரு நிமிடம் விட்டு, வெறும் ஈரத் துணியால் எடுங்கள்.

ஒரே சீரான மங்கலா? வண்டிக்குள் என்ன அடித்தீர்கள் என்று யோசியுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவத்தில் அம்மோனியா இருக்கலாம், சானிடைசரில் ஸ்பிரிட் இருக்கிறது. 2020க்குப் பிறகு கொஞ்ச காலம் கியர் பக்கம் முழுக்க இந்த மங்கலோடுதான் வாடகை வண்டிகள் வந்தன. பயணி ஒவ்வொருவர் இறங்கியதும் அடித்திருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் தடவினால் மங்கல் மறைகிறதென்றால் கை பாலிஷுக்கு மசியும்.

தண்ணீர் தடவியும் மறையவில்லை, உற்றுப் பார்த்தால் உள்ளே காய்ந்த ஏரி மண் போல வெடிப்பு தெரிகிறது என்றால், ஸ்பிரிட் பிளாஸ்டிக்குள்ளேயே போய்விட்டது. எந்தப் பாலிஷும் எட்டாது. பேனலை மாற்ற வேண்டியதுதான்.

வாசனைத் திரவ பாட்டிலிலிருந்து ஒழுகிய இடமும் இப்படித்தான் மங்கும், சில நேரம் பிசுபிசுவென்று இளகியும் இருக்கும். இளகிய இடத்தைத் தேய்த்தால் கையோடு உரிந்து வரும். ஷாம்புத் தண்ணீரால் ஒற்றி எடுத்துவிட்டு இரண்டு நாள் அப்படியே விடுங்கள். இறுகிய பிறகு பார்த்து முடிவு செய்யலாம்.

## அறிகுறி: சந்தனம், குங்குமம், சாமி சிலை ஒட்டிய தடம்

ஆயுத பூஜை முடிந்த வாரம் ஷெட்டில் இந்த வேலைதான். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டியிருப்பார்கள். பொட்டு போயிருக்கும், அந்த இடத்தில் நான்கு கோடு நிற்கும். சுரண்டாதீர்கள். ஈரத் துணியை மடித்து அதன்மேல் பத்து நிமிடம் வையுங்கள், இளகித் தானே துணியோடு வரும். திருநீறு பொடி, அதை ஊதிவிடுங்கள், துடைக்க வேண்டாம். அடுத்த பூஜைக்குப் பொட்டை ஸ்டியரிங் நடுவிலோ பளபளப்பு பேனலிலோ வைக்காமல் கண்ணாடியில் வையுங்கள். கண்ணாடி தாங்கும்.

சிலையை நெம்பி எடுக்காதீர்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் சற்றுத் தள்ளிப் பிடித்து டேப்பை இளக்கி, அடியில் தூண்டில் நரம்பை விட்டு ரம்பம் போல இழுங்கள், அறுந்து வரும். எங்கள் பக்கம் நரம்புக்குப் பஞ்சமில்லை. மிச்சப் பிசினை விரலால் உருட்டி எடுங்கள். வராததற்குத் துளி தேங்காய் எண்ணெய் வைத்து ஐந்து நிமிடம் கழித்து ஷாம்புத் தண்ணீர். பெட்ரோல், தின்னர் இரண்டையும் அருகிலேயே கொண்டுவராதீர்கள், பிளாஸ்டிக் கரைந்துவிடும்.

## அறிகுறி: பாலிஷ் போட்ட பிறகுதான் கெட்டுப்போனது

கறுப்பு சாம்பலாக மங்கியிருக்கிறதா? பாலிஷ் கரகரப்பானது. மெல்லிய ஃபினிஷிங் பாலிஷால் புது ஃபோமில் திரும்பச் செய்தால் தெளியும். விளிம்பில் வேறு நிற பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தால் பெயின்ட் போய்விட்டது. பெயின்டரிடம் கொடுங்கள், அல்லது ராப்பிங். நெளிவு, அலை, கொப்புளம் சூட்டினால் வந்தது, அந்த பேனல் அவ்வளவுதான்.

## அறிகுறி: கறுப்புத் தோல் தானாக உரிகிறது

பாலிஷும் வேண்டாம், ஸ்டிக்கரும் வேண்டாம். ஸ்டிக்கர் உரியும் தோலின் மேல்தான் ஒட்டும், அதோடு சேர்ந்து வந்துவிடும். வாரன்டி இருந்தால் போட்டோவோடு சர்வீஸ் சென்டரில் எழுத்தில் புகார் கொடுங்கள். நீங்கள் எதையும் தேய்க்காமல் கொடுப்பது முக்கியம். தேய்த்த தடம் இருந்தால் அதைக் காட்டியே திருப்பி அனுப்புவார்கள்.

## அறிகுறி: சரிசெய்து ஒரு மாதத்தில் மறுபடியும் அதே கோடு

பாலிஷ் தோற்கவில்லை, தூசியும் துணியும் மாறவில்லை.

ஏ.சி. எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். மணலி, எண்ணூர் சாலையில் லாரிக்குப் பின்னால் போகும்போது வெளிக்காற்று எடுக்கும் நிலையில் இருந்தால் தூசி வென்ட் வழியாக நேராகக் கியர் பேனலில் வந்து உட்காரும். அந்த இடங்களில் உள்காற்று சுழற்சிக்கு மாற்றுங்கள். உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே எடுக்கலாம். எங்கள் பக்கத்து வண்டிகளில் அது கறுத்துப்போய் வருவதைப் பார்த்தாலே தெரியும், கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்ற வேண்டும் என்று.

துணிக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். பளபளப்பு பேனலுக்கு ஒரு துணி, அதை ஜிப் போட்ட கவரில் வையுங்கள். வேறெதற்கும் அதை எடுக்கக் கூடாது. கதவுப் பையில் செருகி வைத்த துணியில் தூசி ஏறிவிடும். தனியாகத் துவையுங்கள், துணியை மென்மையாக்கும் திரவம் போடாதீர்கள், அது மைக்ரோஃபைபரின் இழையை அடைத்துவிடும். வாட்டர் வாஷ் கடையில் விடும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: “அண்ணா, கியர் பக்கம் கறுப்பு பேனல் மட்டும் தொடாதீங்க, நான் பாத்துக்கறேன்.” அங்கே ஒரே துணி காலடி மிதியிலிருந்து டேஷ்போர்டு வரைக்கும் ஏறுகிறது.

இதையெல்லாம் கடைப்பிடிக்க முடியாத வாடகை வண்டிக்கும், புது வண்டிக்கும் நான் சொல்வது ஃபிலிம். பி.பி.எஃப். என்னும், பெயின்ட்டைக் காக்க மேலே ஒட்டும் தெளிவான பிளாஸ்டிக் ஃபிலிம் கறுப்பின் பளபளப்பை அப்படியே காட்டும். நல்ல ரகத்தில் மெல்லிய கோடு வெயில் சூட்டிலேயே தானாக மூடிக்கொள்ளும். ஏற்கெனவே கோடு விழுந்த பேனலுக்கு முதலில் பாலிஷ், பிறகு ஃபிலிம். இல்லாவிட்டால் கோட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த மாதிரி ஆகிவிடும். பளபளப்பே வேண்டாம் என்றால் மேட் கறுப்பு வினைல் இன்னும் மலிவு, விரல் ரேகைகூடத் தெரியாது. என் சொந்த வண்டியில் அதுதான் ஒட்டியிருக்கிறேன்.

## எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும்

டச் ஸ்கிரீனின் கண்ணாடி, மீட்டர் மேல் இருக்கும் தெளிவான பிளாஸ்டிக் இரண்டிலும் பாலிஷ் வேண்டாம். ஸ்கிரீன் மேல் கண் கூசாமல் இருக்க ஒரு பூச்சு உண்டு, அது போனால் வெயிலில் ஒன்றும் தெரியாது. அங்கே ஈரத் துணியோடு நிறுத்துங்கள்.

ஸ்டியரிங்கில் இருக்கும் கறுப்பு பட்டன் சட்டம், டேஷ்போர்டில் ஏர்பேக் மூடிக்குப் பக்கத்து பட்டை, இவற்றைக் கழற்றும் வேலை எதுவாக இருந்தாலும் வீட்டில் வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கம்பெனி சொல்லும் நேரம் காத்திருந்து செய்ய வேண்டிய வேலை அது, தெரிந்தவர் செய்யட்டும். மற்ற பேனலைக் கழற்றுவதானாலும் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பக் கூடாது, அதற்கென்று பிளாஸ்டிக் நெம்பி இருக்கிறது.

பாலிஷ் கடையில் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். முதலில் ஓரத்தில் சோதித்துக் காட்டுவீர்களா? இடுக்கெல்லாம் டேப் ஒட்டுவீர்களா? கையாலா, மெஷினாலா? மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் சொல்பவரிடம் வண்டியை விடலாம்.

மாற்றுவதே முடிவு என்றால், புது பேனலை டீலரிடம் சேசிஸ் நம்பர் கொடுத்து ஆர்டர் செய்யுங்கள். ஒரே மாடலிலும் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் சுவிட்ச் ஓட்டை மாறும். ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். பழைய வண்டி என்றால் புதுப்பேட்டையில் கழற்றிய பேனல் கிடைக்கும், பழைய பேனலைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். முன்பக்கப் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள், திருப்பிப் பாருங்கள். பின்னால், பேனலைப் பிடித்து நிறுத்தும் லாக் எத்தனை இருக்க வேண்டுமோ அத்தனையும் முழுசாக இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஒன்று உடைந்திருந்தாலும் வேண்டாம். எண்ணூர் ரோட்டில் முதல் பள்ளத்தில் இறங்கியதுமே கிறீச் கிறீச்சென்று சத்தம் தொடங்கிவிடும்.